கூட்டிருக்க ஓர் ஆள்

மக்களே,

நீ கேட்ட என் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். மாடி அறை இரும்பு அலமாரியில்தான் இருந்தன. மாடிக்குப் போய் ஆறு மாதம் இருக்கும். முழங்கால் ஒவ்வொரு படியிலும் என்னோடு சண்டை போட்டது. ஆனாலும் நீ ஒன்று கேட்டுவிட்டாயே என்கிற சந்தோஷத்தில் ஏறிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, இனி உங்க வேலைதான் எனக்கும். கன்சல்டன்டா எடுத்திட்டாங்க. அடுத்த மாசம் முதல்ல போறது ஒரு முதியோர் இல்லம். உங்க ரிப்போர்ட் இருந்தா எனக்கு ஒரு முன்மாதிரி கெடைக்கும்லா?" போனை வைத்த பிறகு அந்தச் செய்தியை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்து, "கேட்டியா, அவனும் கன்சல்டன்ட் ஆயிட்டான்" என்றேன். சிரிக்காதே. நீ அங்கே பனியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது தனியாகப் பேசிக்கொள்வதில்லை என்று சத்தியம் செய்து சொல், பார்ப்போம்.

மொத்தம் பத்தொன்பது ஃபைல். பதினெட்டை அப்படியே எடுத்துக்கொள். பத்தொன்பதாவது, உன் அப்பா கடைசியாக இருந்த அந்த இல்லத்துக்கு நான் எழுதியது. அதைத் திறப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படி. அப்பா எப்படிப் போனார், யாரால் போனார் என்று நீ நாலு வருஷமாக நம்பிக்கொண்டிருப்பது உண்மையல்ல. நீ அப்படி நம்பட்டும் என்று நான் விட்டேன். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி அந்த இல்லத்துக்கும் போகிறது. அப்பாவைக் கவனித்த ஆயா பிலோமினாவைப் பற்றி நீ எழுதிய புகாரை அங்கே சாப்பாட்டு அறையில் எல்லோரையும் நிறுத்தி வைத்து வாசித்தார்கள். அதனால் இதையும் அதே அறையில் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். படித்து முடித்த பிறகு உன்னிடமிருந்து ஞாயிற்றுக்கிழமைப் போன் வருமா என்று எனக்குத் தெரியாது. வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் எனக்கு இருக்கிற பேச்சுத்துணை. அது போய்விடுமோ என்கிற பயத்தில்தான் இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்தேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நான் அப்போது குவைத்தில் நர்ஸ். யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு டெம்பரேச்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மணவாளக்குறிச்சி மணல் ஆலை வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் உன்னோடு கூட்டிருந்தார். எட்டு நாள். நம்ம ஊரில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதற்குக் கூட்டிருப்பு என்றுதானே பேர். ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், என்ன சீக்கு என்று கேட்பதற்கு முன்னாலேயே, "கூட்டிருக்க ஆளு உண்டா?" என்று கேட்பார்கள். அப்பா ஒரு பாய், ஒரு ஃபிளாஸ்க், மாற்றிக் கட்ட ஒரு சாரத்தோடு எட்டு நாளும் அங்கேயே கிடந்தார். நான் லீவில் வந்து இறங்கியபோது நீ என்னைப் பார்த்து அவருடைய வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். "அம்மைட்ட போ மக்களே" என்று அவர் தள்ளத் தள்ள நீ இன்னும் உள்ளே போனாய். அன்றைக்கு எனக்கு வந்த பொறாமையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிறகு வரும்.

குவைத்தில் நான் பார்த்த வார்டுகள் வேறு. கட்டிலைச் சுற்றி ஒரு ஆள் கிடையாது. தரையில் முகம் பார்க்கலாம். பெல் அடித்தால் நர்ஸ் வருவாள், மணிக்கொரு தரம் வந்து சீட்டில் கையெழுத்துப் போடுவாள், போவாள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. பதினாலு வருஷம் கழித்து ஊருக்கு வந்து நம்ம ஆஸ்பத்திரிகளுக்குள் நுழைந்தால், கட்டிலுக்கடியில் பாய், ஜன்னலில் ஈரத்துண்டு, நோயாளிக்கு ஒன்று கூட்டிருப்பவருக்கு ஒன்று என்று தூக்குவாளிகள், பக்கத்துக் கட்டில்காரியின் மருமகளைப் பற்றிய பஞ்சாயத்து. எனக்குத் தலை சுற்றியது. தரச்சான்று வாங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிகள் ஓட ஆரம்பித்த காலம் அது. வெளிநாட்டு அனுபவம் உள்ள, வாய் நீளமான ஒரு நர்ஸ் அவர்களுக்குத் தேவைப்பட்டாள். அப்படித்தான் நான் கன்சல்டன்ட் ஆனேன். நீ ஆசை ஆசையாக என் பேரோடு அந்தச் சொல்லையும் சேர்த்து வாசலில் போர்டு மாட்டினாயே, அதன் பிறகு ஒரு வருஷம் தெருவில் யாருக்கு முட்டு வலித்தாலும் எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். நம்ம ஊரில் கன்சல்டன்ட் என்றால் பெரிய டாக்டர். நான் டாக்டர் இல்லை என்று சொன்னால், "பின்ன என்ன எளவுக்கு போர்டு?" என்று கேட்டுவிட்டுப் போனார் மேலவீட்டுக் கொச்சப்பி.

அந்த வேலையில் நான் செய்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கிழவர்களின் கையைக் கட்டில் கம்பியில் துணியால் கட்டிவைத்திருந்த ஒரு இல்லத்தில் அந்தத் துணிகளை என் கையால் அவிழ்த்தேன். பூட்டிக்கிடந்த அவசர வழியை நானே சுத்தியல் வாங்கி வந்து திறந்தேன். முதுகுப்புண்ணைக் கணக்கில் காட்டாமல் மறைத்த ஒரு மேனேஜரை அவன் அறையில் வைத்தே கிழித்தேன். அதெல்லாம் அந்தப் பதினெட்டு ஃபைலில் இருக்கிறது. நீ அவற்றைப் படித்துப் பெருமைப்படலாம், நானும் படுகிறேன். ஆனால் கூட்டிருப்பவர்களின்மேல் எனக்கு இருந்த கோபமும் எல்லா ஃபைலிலும் இருக்கிறது. போன இடமெல்லாம் பாயைச் சுருட்டச் சொன்னேன். "நாங்க உள்ள இல்லண்ணா அவருக்கு யாரு தண்ணி குடுப்பா?" என்று கேட்ட மனைவிமார்களிடம் பெல்லைக் காட்டினேன். என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இருக்கவில்லை. நான் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊர் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். அதன் பிறகு அந்தக் கட்டிலில் யார் கிடந்தார்கள், எப்படிக் கிடந்தார்கள் என்று திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை.

கருங்கல் ஊருக்குப் போகும் ரோட்டில் ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் அந்த முதியோர் இல்லம் என் கையால் சீரான இடம். என் ரிப்போர்ட்டின் பதினோராவது பரிந்துரையை நீ பார்ப்பாய். அதை அடிக்கவில்லை, மறைக்கவில்லை. கட்டில்களுக்குப் பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல்களை அகற்ற வேண்டும். பணியாளர் யாரும் கட்டிலில் உட்காரக் கூடாது. ஒரு ஆளோடு பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாக் கட்டிலையும் சுற்றி வந்து சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தரை துடைக்க வசதி, தொற்று பரவாது, எல்லோருக்கும் ஒரே அளவு கவனிப்பு என்று காரணமும் எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஸ்டூல்களை எல்லாம் அடுக்கிப் பின்பக்க ஷெட்டில் போட்டார்கள். நானே நின்று எண்ணினேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போனபோது நீ விசா மாற்றும் சிக்கலில் இருந்தாய். நான் வேலையை விட்டுவிட்டு அவரோடு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மூன்று ஆஸ்பத்திரிகள் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பேச்சில்லாத மனிதரோடு நாள் முழுக்க ஒரு வீட்டில் இருக்க எனக்குத் தெரியவில்லை. பதினாலு வருஷம் கடிதத்திலும் போனிலுமே நடந்த கல்யாணம் எங்களுடையது. பேச்சு போனால் அதில் என்ன மிச்சம்? அதனால் எனக்குத் தெரிந்த நல்ல இடத்தில் அவரைச் சேர்த்தேன். வாரத்தில் இரண்டு நாள் போவேன். போனதும் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டில் தலைமாட்டில் தொங்கும் சீட்டைப் பார்ப்பேன். மக்களே, இதைக் கொஞ்சம் நின்று படி. நான் முதலில் சீட்டைத்தான் பார்த்தேன்.

பிலோமினாவை உனக்குச் சாவு வீட்டில் தெரியும். அதற்கு முன்னால் தெரியாது. தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் வீடு. ஆயா வேலை. அந்த வார்டில் பதினாலு கட்டில் அவள் பொறுப்பு. ஒரு வியாழக்கிழமை நான் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் போய்விட்டேன். வாசலில் நின்று பார்த்தால், அவள் அப்பாவின் கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த நெத்திலி அவியலில் முள்ளை எடுத்து எடுத்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். "எண்ணே, நேத்தைக்கு எங்க கரையில என்ன நடந்துது தெரியுமா? கேளும்" என்று ஏதோ கதை. அவர் சிரித்தார். பாதி முகத்தில்தான் சிரிப்பு வந்தது, ஆனால் அது சிரிப்புதான். இடது கையால் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தார். நான் சேர்த்துவிட்ட நாளிலிருந்து என்னைப் பார்த்து அவர் ஒருநாளும் அப்படிச் சிரிக்கவில்லை. என் கையை அப்படிப் பிடிக்கவும் இல்லை. நீ வேட்டிக்குப் பின்னால் ஒளிந்த அன்று எரிந்த அதே இடத்தில் எனக்கு எரிந்தது.

நான் ஒரு மனைவியாக உள்ளே போயிருந்தால் அவளோடு சண்டை போட்டிருப்பேன். இல்லாவிட்டால் அழுதிருப்பேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் நல்லதுதான். ஆனால் நான் கன்சல்டன்டாக உள்ளே போனேன். "பிலோமினா, கட்டிலில் உட்காரக் கூடாதுண்ணு சொல்லியிருக்குல்லா?" என்றேன். அவள் பதறி எழுந்தாள். "இல்ல சிஸ்டர், ஸ்டூல எடுத்திட்டாவ. இவரு மெதுவாத்தான் தின்னுவாரு, நிண்ணு குடுத்தா பெரை ஏறும், அதாக்கும்" என்றாள். "மத்த பதிமூணு பேருக்கு யாரு குடுப்பா?" என்று கேட்டேன். அவள் கிண்ணத்தை மூடிவைத்தாள். நேரே மேனேஜர் அறைக்குப் போய், பதினோராவது பரிந்துரை இந்த வார்டில் நடக்கவில்லை, சூப்பர்வைசரை நிறுத்திக் கண்காணியுங்கள் என்று சொன்னேன். எழுத்திலும் கொடுத்தேன். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோது ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி எனக்கு இருந்தது. விதிக்குள் என் பொறாமையை ஒளித்துவைத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது, அவ்வளவு நன்றாக ஒளித்திருக்கிறேன்.

அதற்கடுத்த வாரமே அப்பா போய்விட்டார். மத்தியானம் மூன்று மணி அளவில் இருக்கும் என்றார்கள். நான் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு, சுற்றுச் சீட்டை எப்படி நிரப்ப வேண்டும் என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நீ அடக்கத்துக்கு வந்து அந்தச் சீட்டைக் கையில் எடுத்தாய். இரண்டு மணிக்குப் பிலோமினாவின் கையெழுத்து. நாலு மணிக்குப் பிலோமினாவின் கையெழுத்து. நடுவில் ஒன்றும் இல்லை. "ரெண்டு மணிக்கூறு எங்கேம்மா போனா இவ? எங்கப்பா தனியா கெடந்து செத்திருக்காரு" என்று நீ கத்தினாய். கல்லறைத் தோட்டத்து வாசலில், அத்தனை பேருக்கு முன்னால், பூ கொண்டுவந்திருந்த அவளைப் பார்த்து, "நீ மனுசியா?" என்று கேட்டாய். அவள் பூவை மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பாவைப் பறிகொடுத்தவன் நீ. அந்தச் சீட்டை வரைந்தவள் உன் பக்கத்தில் கறுப்புக் கரை வைத்த வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாயை மூடி நின்றாளே, அவள்மேல்தான் கோபம்.

அது மட்டும் என்றால்கூட மன்னித்துவிடலாம். வெளிநாட்டுக்குத் திரும்பும் முன்னால் நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தப் புகாரை எழுதினாய். "அம்மா, உங்களுக்குத்தான் இந்த பாஷை தெரியும், ஒருதடவை பாத்துக் குடுங்க" என்று என் பக்கம் நகர்த்தினாய். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். "சரியாகப் பார்க்கவில்லை" என்று நீ எழுதியிருந்ததை "கடமையில் அலட்சியம்" என்று மாற்றிக் கொடுத்தேன். அந்தத் தாளையே நீ இல்லத்தில் கொடுத்தாய். அந்தச் சொல்தான் அவளை வெளியே அனுப்பியது. இல்லத்தில் யாருக்கும் வேறு சொல் தேவைப்படவில்லை. ரிப்போர்ட்டில் அப்படி ஒரு சொல் வந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை, அதைச் சொல்லிக்கொடுப்பதுதானே என் பிழைப்பு.

அதன் பிறகு நான் புதிதாக எந்த வேலையும் எடுக்கவில்லை. வயசாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். இந்த வீடு எப்படி இருக்கிறது என்று உனக்கு வீடியோவில் தெரியாது, நான் முகத்தை மட்டும்தான் காட்டுவேன். மாடி பூட்டிக் கிடக்கிறது. கீழே ஒரு அறையில் மட்டும்தான் விளக்கு. மரச்சீனிக் கிழங்கு விற்கிறவன் என்னைப் பார்த்ததும் கேட்காமலே இருப்பதில் சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டுகிறான். அதுவும் இரண்டு நேரத்துக்கு வருகிறது. சபையில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "மோன் எப்ப வருவான்?" என்று கேட்பார்கள். "வருவான், வருவான்" என்பேன். பிறகு அவர்கள் குடும்பம் குடும்பமாகப் போய்விடுவார்கள். நான் கையில் பாட்டுப் புத்தகத்தோடு ஆட்டோவுக்கு நிற்பேன். எனக்குத் தனிமையாக இருக்கிறது மக்களே. இதைச் சொல்வதில் எனக்கு இனி கூச்சமில்லை. மற்றவர்கள் கட்டில் பக்கத்திலிருந்தெல்லாம் ஆளை எழுப்பி அனுப்பியவளுக்கு இது சரியான கூலி என்றுகூடச் சில நாள் தோன்றும்.

போன மழையில் கையில் சுளுக்கு என்று உன்னிடம் சொன்னது பொய். முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என் முகத்தை மட்டும் பார்த்தாய். பின்னால் தெரிந்த வெள்ளைச் சுவர் ஆஸ்பத்திரிச் சுவர். மேலவீட்டு மருமகள்தான் என்னைச் சேர்த்துவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருமே என்று ஓடினாள். அட்மிஷன் மேசையில் இருந்த பெண் பாரத்தை நிரப்பிக்கொண்டே, "கூட்டிருக்க யாரு வருவா சிஸ்டர்?" என்று கேட்டாள். "யாருமில்ல" என்றேன். "ஆபரேஷன்லா, ஒரு ஆளு வேணுமே. பேரு சொல்லுங்க" என்றாள். எனக்குச் சொல்ல ஒரு பேர் இல்லை. அந்தப் பெண் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு வயசான அம்மா. அவளோடு கூட்டிருப்பதற்கு வந்திருந்தது பிலோமினா. அந்த வேலை போன பிறகு அவள் ஆஸ்பத்திரிகளில் கூட்டிருக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறாள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். நான் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

"சிஸ்டரே, ஒறங்கேல்லண்ணு எனக்குத் தெரியும். உதடு காஞ்சு கெடக்கு. வெள்ளம் குடிக்கியளா?"

தலைக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கி, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். அந்த வார்டில் இரண்டு கட்டிலுக்கு ஒரு ஸ்டூல்தான். அதை நடுவில் போட்டு இந்தப் பக்கம் அந்த அம்மா, அந்தப் பக்கம் நான் என்று மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். என் தலையை வாரினாள். இடது கையால் சாப்பிடத் தெரியாமல் நான் சோற்றைச் சிந்தியபோது, "பெரிய நர்ஸ், ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தவிய, பாருங்க லெச்சணத்த" என்று கேலி செய்தாள். நான் சிரித்தேன். உடனே அழுகை வந்துவிட்டது. அப்பா ஏன் சிரித்தார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

இரண்டாம் நாள் நானே கேட்டேன். "பிலோமி, அண்ணைக்கு என்ன நடந்துது?" அவள் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தாள். "சோறு குடுத்துக்கிட்டு இருந்தேன். என் கையப் பிடிச்சுக்கிட்டாரு, விடேல்ல. நெஞ்சில என்னவோ செய்யிதுண்ணு காட்டினது மாதிரி எனக்குத் தோணிச்சு. நர்ஸுகிட்ட சொன்னேன், பிரஷர் பாத்துட்டு ஒண்ணுமில்லண்ணு போனா. வாசல்ல சூப்பர்வைசரம்மா நிண்ணாவ, கையில கடிகாரத்தப் பாத்துக்கிட்டு. நான் அவரு வெரல ஒண்ணொண்ணா எடுத்து விட்டேன் சிஸ்டர். இப்ப வருகேன் எண்ணேண்ணு சொன்னேன். சுத்தி வாரதுக்கு நாலு மணி ஆயிட்டு." அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

"அந்த ரூல் எழுதினது நான்தான்" என்றேன். "தெரியும். பேப்பர்ல உங்க பேரு இருந்துதே. அந்தப் புகார்ல சொவப்புப் பேனா யாருக்குள்ளதுண்ணும் தெரியும், ஆபீஸ்ல பாத்தேன்" என்றாள். "பின்ன ஏன் என் மகன்கிட்ட சொல்லேல்ல? உன்ன அவ்வளவு பேசினானே?" என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். "அவனுக்கு அப்பந்தான் அப்பா போயிருக்கு. அம்மையையும் நான் எடுக்கணுமா?"

இத்தனை வருஷமும் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பேசியது அவள் விட்டுக்கொடுத்தது மக்களே. எனக்கு அது இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது, அவள் அதற்காக வேலையையும் பேரையும் கொடுத்திருந்தாள். கை இப்போதுதான் பேனா பிடிக்கிற அளவுக்கு வந்திருக்கிறது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

நீ கேட்டாய் என்பதற்காக வேலையைப் பற்றியும் சொல்கிறேன். ஒரு இடத்துக்குப் போனால் முதல் நாள் மேனேஜர் அறையில் டீ குடிக்காதே. சமையலறைப் பின்வாசல் வழியாகப் போ. பாத்திரம் கழுவுகிறவளுக்குத் தெரிந்தது ஃபைலில் இருக்காது. எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திரு. உட்கார இடமில்லை என்றால் அதையே உன் முதல் குறையாக எழுது. யாராவது நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று தோன்றினால், அந்த நேரத்தில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு எழுது. உன் சொந்தக்காரர்கள் இருக்கிற இடத்துக்கு ரிப்போர்ட் எழுதாதே. ஒரு விதியை எழுதும்போது உனக்கு அளவுக்கு மீறித் திருப்தியாக இருந்தால், யார்மேல் கோபம் என்று உன்னையே கேட்டுப் பார். ரிப்போர்ட் கொடுத்து மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் ஒருநாள் திரும்பிப் போ. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லாததல்ல. பாய் சுருட்டிய ஒவ்வொரு மனைவியும் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

இல்லத்தின் இப்போதைய மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். ஷெட்டில் ஸ்டூல்கள் தூசியோடு அப்படியே இருக்கின்றன. பதினோராவது பரிந்துரையை நான் திரும்பப் பெறுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். உன் புகாரை அப்படி நான் திரும்பப் பெற முடியாது. அது உன் பேரில் இருக்கிறது. நீதான் செய்ய வேண்டும்.

பிலோமினாவின் நம்பரைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கூப்பிடாதே. நீ எனக்குக் கூப்பிடும் நேரத்தில் அவளைக் கூப்பிடு. அந்த அரை மணி நேரம் அவளுடையது. நான் இங்கே போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், பழக்கம் விடாது, ஆனால் நீ அவளோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு வரும் ஞாயிறுகளை நீயே முடிவு செய். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அவளை எனக்குத் தெரியும். நீ கேட்டதும், "அதொண்ணுமில்ல மக்களே, அம்மைமேல ஒரு குத்தமும் இல்ல" என்றுதான் சொல்வாள். அவள் சொல்வதை நம்பாதே. நான் எழுதியிருப்பதை நம்பு.

அம்மா